ருவான் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாரிஸுக்கு வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் ஐஃபில் கோபுரம், லூவர், வெர்சாய் அரண்மனை என்று பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். நான் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தபோது ஒரு நாளை ஒதுக்கி நார்மண்டியில் இருக்கும் ருவான் நகரத்துக்குப் போய்வந்தேன். சான் லசார் நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம்தான். பிரான்சுக்காக ஆங்கிலேயரோடு போரிட்ட ஜோன் ஆஃப் ஆர்க் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பாடம் படித்த நாளிலிருந்து, அந்தப் பெண்ணை எரித்த இடத்தில் ஒரு தடவையாவது போய் நிற்க வேண்டும் என்று மனதில் கிடந்தது. அதற்காகத்தான் போனேன்.

அந்த இடத்தின் பெயர் பழைய சந்தைச் சதுக்கம். பெயருக்கு ஏற்ற மாதிரி இன்றைக்கும் அங்கே மீனும் பாலாடைக்கட்டியும் காய்கறியும் விற்கிறார்கள், சுற்றிலும் மரச்சட்டம் வெளியே தெரிகிற பழைய வீடுகள். நடுவில் செடிகள் வளர்ந்த ஒரு சின்னப் பகுதி, பக்கத்தில் ஓங்கி நிற்கும் ஒரு சிலுவை. 1431 மே 30 அன்று மதவிரோதி என்று தீர்ப்புச் சொல்லி அவளை எரித்தது இங்கேதான். அவளுக்கு வயது 19. கட்டிவைத்த பிறகு கண்ணில் படுகிற மாதிரி ஒரு சிலுவையைப் பிடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள், பக்கத்துக் கோயிலிலிருந்து ஓடிப்போய் எடுத்துவந்து கடைசி வரை உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். சாம்பலைக்கூட விட்டுவைக்காமல் சேன் ஆற்றில் கொட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவளுடைய அம்மா இசபெல் சும்மா இருக்கவில்லை. கிராமத்துப் பெண், வயதான காலத்தில் பாரிஸ் வரை போய் என் மகளுக்கு நியாயம் வேண்டும் என்று திருச்சபை முன்னால் முறையிட்டாள். 1456ல் அதே ருவான் நகரத்தில் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். புனிதர் பட்டம் வந்ததோ 1920ல். எனக்கு ஜோனைவிட அந்த அம்மாதான் அன்று முழுக்க மனதில் இருந்தாள். நானும் பெண்ணைப் பெற்றவன்.

சதுக்கத்திலேயே 1979ல் கட்டிய ஒரு தேவாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கூரை நெருப்பு நாக்கு மாதிரியும் தெரியும், கவிழ்த்துப் போட்ட படகு மாதிரியும் தெரியும். எனக்கு முதலில் பிடிக்கவில்லை, இந்தப் பழைய வீடுகளுக்கு நடுவில் ஏன் இப்படி ஒன்று என்றுதான் நினைத்தேன். சரி, வந்தது வந்தோம் என்று உள்ளே போனேன், அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பக்கச் சுவர் முழுக்க வண்ணக் கண்ணாடி. எல்லாம் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, சான் வின்சென்ட் என்ற வேறொரு கோயிலில் இருந்தவை. இரண்டாம் உலகப் போர் வரப்போகிறது என்று தெரிந்ததும் கண்ணாடிகளைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டார்கள். 1944ல் விழுந்த குண்டில் அந்தக் கோயில் போய்விட்டது. கண்ணாடி பிழைத்தது. முப்பது வருடத்துக்கும் மேல் காத்திருந்து, புதுக் கோயில் கட்டும்போது அந்தக் கண்ணாடிகளின் அளவுக்கு இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் போன நேரம் பிற்பகல் வெயில், நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து கிடந்தன.

போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், நான் பார்க்காமல் விட்டது நிறைய இருக்கும்.

*

ஐயா, நான் யாழ்ப்பாணம், பாரிஸ் வந்து பதினெட்டு வருடம். பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதிக் கடைகளுக்குச் சாமான் ஏற்றி இறக்கும் வேலை, சில நாட்களில் ருவான் பக்கமும் போவேன். 2024 ஜூலை 11 அன்று தற்செயலாக நகரத்துக்குள்ளே நின்றேன். மதியப் பொழுது, பேராலயத்தின் கூர்ங்கோபுரத்தில் இருந்து கரும்புகை. அந்தக் கோபுரம் 151 மீட்டர் உயரம், வார்ப்பிரும்பு. 1822ல் மின்னல் தாக்கி எரிந்துபோன பழைய கோபுரத்துக்குப் பதிலாகக் கட்டினது. 1876ல் முடித்தபோது உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான், நாலு வருடத்தில் ஜெர்மனியின் கொலோன் பேராலயம் அதைத் தாண்டிவிட்டது.

தெருவில் நின்ற சனம் ஒருவரும் பேசவில்லை. பாரிஸ் நோத்ர் தாம் எரிந்து ஐந்து வருடம்தானே, எல்லோருக்கும் அதுதான் ஞாபகம். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார். யாழ் நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான், அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ செய்தது. நல்ல காலம், திருத்த வேலைக்காகக் கட்டியிருந்த சாரத்தின் பிளாஸ்டிக் மறைப்புத்தான் எரிந்தது, தீயணைப்புப் படை மேலே ஏறி அணைத்துவிட்டது. கோபுரம் தப்பியது.

உள்ளே போனால் இங்கிலாந்து அரசன் ரிச்சர்டின் சமாதியைப் பாருங்கள். சிங்க இதயன் என்பார்களே, அவர்தான். 1199ல் செத்தபோது உடம்பு ஒரு ஊர், குடல் ஒரு ஊர், இதயம் மட்டும் ருவான். முன்பக்கத்துக் கோபுரம் ஒன்றுக்கு வெண்ணெய்க் கோபுரம் என்று பெயர், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி கேட்டவர்கள் கொடுத்த காசில் எழுப்பியது என்று சொல்வார்கள்.

*

மதுரையில் 22 வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தம்பி குடும்பத்தோடு போனோம். கடிகார வளைவு, பேராலயம் எல்லாம் பார்த்தோம், ஆனால் நான் மறுபடி மறுபடி நினைப்பது வேறு இரண்டு இடங்களைத்தான்.

ஒன்று, சான் மக்லு இடுகாடு. 1348ல் கொள்ளைநோய் வந்தபோது பிணங்களைப் புதைத்த இடம். இடம் போதாமல் போக, 16ஆம் நூற்றாண்டில் முற்றத்தைச் சுற்றி மரக்கட்டடம் எழுப்பி, தோண்டி எடுத்த எலும்புகளை மேல்பரணில் அடுக்கியிருக்கிறார்கள். உத்திரம் முழுக்க மண்டையோடு, கையெலும்பு, மண்வெட்டி, கடப்பாரை என்று செதுக்கியிருக்கிறது. பிற்காலத்தில் அங்கே பள்ளிக்கூடம் நடந்ததாம், ஓவியக் கல்லூரியும் இருந்ததாம். முற்றத்தில் மரநிழல், அவ்வளவு அமைதி. தம்பி மகள் பயப்படுவாள் என்று நினைத்தேன், அவள் உட்கார்ந்து ஒரு மண்டையோட்டை நோட்டில் வரைந்தாள்.

இரண்டாவது, பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் பிறந்த வீடு. அவருடைய அப்பா அங்கேயிருந்த மருத்துவமனையில் பெரிய அறுவை மருத்துவர், அதனால் அது மருத்துவ அருங்காட்சியகமும்கூட. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துணிப்பொம்மை. இடுப்பிலிருந்து தொடை வரைதான் பெண்ணுடம்பு, துணியும் தோலும் பஞ்சும் வைத்துத் தைத்தது, உள்ளே தொப்புள்கொடியோடு ஒரு குழந்தைப் பொம்மை. 18ஆம் நூற்றாண்டில் மதாம் துயு குத்ரே என்ற மருத்துவச்சி அரசர் 15ஆம் லூயியின் ஆணையோடு ஊர் ஊராகப் போய், எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களுக்கு இந்த மாதிரிப் பொம்மையை வைத்துத்தான் பிரசவம் பார்க்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கை முதலில் வந்தால் என்ன செய்வது, கால் முதலில் வந்தால் எப்படித் திருப்புவது எல்லாம் கையாலேயே பழக்கம். நாங்களும் பயிற்சிக் காலத்தில் பொம்மையில்தான் பழகினோம். அந்தத் தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நுணுக்கமான தையல், குழந்தையின் முகத்தில் மூக்கும் வாயும் விரலால் தொட்டாலே தெரியும்படி செய்திருக்கிறது. இருட்டில், போர்வைக்குள் கையை விட்டு வேலை செய்கிறவளுக்கு விரல்தானே கண். அரை மணி நேரம் அங்கேயே நின்றிருந்தேன், தம்பி வந்து கூப்பிட்டான்.

*

எங்கள் குடும்பத் தொழில் துணிச்சாயம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். ருவானில் ரொபெக் நீரோடைத் தெரு என்று ஒன்று இருக்கிறது, சாயக்காரர்கள் வாழ்ந்த தெரு. இப்போது ஓடுவது சின்ன வாய்க்கால்தான், வீட்டுக்கு வீடு குட்டிப் பாலம். அண்ணாந்து பாருங்கள், சில வீடுகளின் மேல்மாடி திறந்தவாக்கில் இருக்கும், சாயம் போட்ட துணியைக் காற்றில் உலர்த்த. நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத் துணியும் கையால் வரைந்த எழுத்துத் துணியும் பிரான்சில் அப்படி விற்றதால், உள்ளூர் நெசவாளர்களைக் காப்பாற்ற 1686ல் இறக்குமதிக்கும் அச்சிடுவதற்கும் தடையே போட்டார்கள். 1759ல் தடை போனதும் ருவான் சுற்றுவட்டாரம் பருத்தி அச்சுக்குப் பேர்போன இடமாகிவிட்டது. அந்தத் துணிக்குப் பிரெஞ்சில் பெயரே ‘இந்தியேன்’.

*

எல்லோருக்கும் நன்றி. அந்தத் துணிப்பொம்மை நான் இறங்கிய ஊரிலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மகளுக்கு இது ஏழாவது மாதம். குழந்தை பிறந்ததும் அங்கே மறுபடி போவேன், அப்போது சாயத்தெருவையும் பார்த்துவிட்டு இதே இடத்தில் எழுதுகிறேன்.