ஹொக்கைடோவில் புத்தாண்டு வாரம்: எல்டர்களின் பனி வாரும் சேவை

வினா:
டிசம்பர் கடைசியில் ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள சப்போரோ பக்கம் மாற்றலாகிப் போகும் ஒரு தம்பிக்காகக் கேட்கிறேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை மிஷனரி (ஆண் மிஷனரிகளை அங்கே ‘எல்டர்’, பெண்களை ‘சிஸ்டர்’ என்பார்கள்), வயது 19, பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. புத்தாண்டு வாரம் வீடுவீடாகப் போய்ப் பேச முடியாது, முதியவர்களுக்குப் பனி வாரிக் கொடுக்கும் சேவைதான் வேலை என்கிறார்கள். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

குளிர்நாடன்:
உண்மைதான். ஜப்பானில் அரசு அலுவலகங்களுக்கு டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை விடுமுறை. வங்கிகளும் 31-ஆம் தேதி மூடினால் 4-ஆம் தேதிதான். ஜனவரி முதல் மூன்று நாளும் வீடுகளில் சொந்தபந்தம் கூடியிருக்கும். முன்பின் தெரியாதவர் கதவைத் தட்டினால் நன்றாக இருக்காது. ஆனால் பனிக்கு விடுமுறை கிடையாதே. சப்போரோவில் ஒரு குளிர்காலத்தில் விழும் பனியைக் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 5 மீட்டர் வரும்.

தனியாக வாழும் முதியவர்களை முடக்கிப் போடுவது வானத்திலிருந்து விழும் பனியை விட, பனிவண்டி ஒதுக்கும் பனிதான். இரவோடு இரவாகச் சாலையை வழித்துக்கொண்டு போகும் வண்டி, வாசலுக்கு நேரே கட்டிக் கட்டியாகத் தள்ளிவிட்டுப் போய்விடும். புதுப்பனி கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ. அமுங்கிய கட்டிப்பனியோ 400 கிலோவைத் தாண்டும். 5 மீட்டர் நீள வாசலில் அரை மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலத்துக்கு அது கிடந்தால் அரை டன் கணக்கு. எண்பது வயதுப் பாட்டியால் அதை அசைக்கவே முடியாது.

கருவி மூன்று வேண்டும். புதுப்பனிக்கு அகலமான பிளாஸ்டிக் மண்வாரி. கட்டிப்பனியை வெட்ட முனை சதுரமான இரும்பு மண்வாரி. வெட்டியதைத் தூக்காமல் சறுக்கித் தள்ளிக்கொண்டு போக, இரண்டு கையால் பிடிக்கும் பெரிய தள்ளுவாரி. அங்கே ‘ஸ்னோ டம்ப்’ என்றே கேட்டு வாங்கலாம். பிளாஸ்டிக்கால் கட்டிப்பனியைக் குத்தினால் முனை உடைந்துவிடும். பனி ஒட்டாமலிருக்க வாரியின் மேல் சிலிகோன் ஸ்பிரே அடித்துக்கொள்ளுங்கள்.

வேலையின் வரிசையைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். எல்லாரும் வாசலில் தொடங்குவார்கள். முதலில் வீட்டைச் சுற்றிப் போய், சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மண்ணெண்ணெய் அடுப்பின் புகைக்குழாயைத் தேட வேண்டும். அது பனியில் புதைந்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். வாசனை வராது, உள்ளே இருப்பவர் தூங்கிக்கொண்டே இறந்துபோகலாம். குழாயைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டு, கையாலோ பிளாஸ்டிக் வாரியாலோ எடுங்கள். இரும்பு பட்டால் குழாய் நசுங்கும். அடுத்து எண்ணெய்த் தொட்டி. வீட்டுத் தொட்டி பெரும்பாலும் 490 லிட்டர் கொள்ளும். அதை நிரப்ப வரும் ஆள் நடந்து போக வழி வேண்டும். வாசல், கார் நிறுத்தும் இடம் எல்லாம் அதற்குப் பிறகு.

வாரிய பனியை எங்கே கொட்டுவது என்று வீட்டுக்காரரைக் கேட்காமல் ஒரு வாரி கூட எடுக்கக் கூடாது. சாலையில் வீசினால் சட்ட மீறல். பக்கத்து வீட்டு எல்லையில் கொட்டினால் சண்டை வரும், அது எல்டர்கள் போன பிறகு அந்தப் பாட்டியின் தலையில் விடியும். தீயணைப்புக் குழாயையும் மூடிவிடக் கூடாது. கூரைப் பனியை இறக்கச் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். ஜப்பானில் ஒவ்வொரு ஆண்டும் உயிர் போவது அந்த வேலையில்தான். தகரக் கூரையின் இறவாணத்துக்கு நேர்கீழே நிற்கவும் வேண்டாம். உள்ளே அடுப்புச் சூடு ஏற ஏற மேலேயிருந்து பாளமாகச் சரியும்.

முன்னாள் சிஸ்டர்:
குளிர்நாடன் அண்ணா கருவிகளைச் சொல்லிவிட்டார், நான் உடம்பைச் சொல்கிறேன். சேவைக்கு வெள்ளைச் சட்டையும் டையும் தேவையில்லை, வேலை உடை போதும். உள்ளே பருத்தி பனியன் மட்டும் கூடாது. வியர்வையில் நனைந்தால் காயாது. ஐந்து நிமிடம் நின்றாலே நடுக்கம் பிடிக்கும். கம்பளியோ செயற்கை நூலோ போட்டு, நீர் புகாத கையுறை மாட்டுங்கள். பெயர்ப்பட்டையின் காந்தம் தடித்த கோட்டில் நிற்காது, பனியில் விழுந்தால் வசந்தத்தில்தான் கிடைக்கும். உள்சட்டையிலேயே இருக்கட்டும். இடுப்பைத் திருப்பி வீசாமல், காலை நகர்த்தி உடம்போடு திரும்புங்கள்.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு நோன்பு நாள். ஜனவரியில் அது 1 முதல் 7-ஆம் தேதிக்குள் வருவதால், பல ஆண்டுகளில் இந்த விடுமுறையிலேயே விழும். இரண்டு வேளை உணவும் இல்லை, தண்ணீரும் இல்லை. சனி இரவு பனி கொட்டினால் ஞாயிறு காலை சபைக் கட்டடத்தின் வண்டி நிறுத்துமிடத்தை யாராவது வாரித்தான் ஆக வேண்டும். நோன்பிருப்பவர் அதைச் செய்தால் மயக்கம் வரும். உறுப்பினர்களோடு முன்கூட்டியே பேசி, அன்று நோன்பில்லாதவர்களிடம் ஒப்படையுங்கள். முடிந்தவரை சனி மாலையே வழியைத் திறந்துவிடுங்கள்.

ஒட்டாரு அக்கா:
தம்பி, ஜனவரி முதல் தேதி காலை ஏழு மணிக்குத் தாரில் இரும்பு வாரியைத் தேய்க்காதீர்கள், தெருவே தூங்கும். ஒன்பதுக்கு மேல் போங்கள்.

வீட்டுக்குள் கூப்பிட்டு ஏதாவது குடிக்கக் கொடுப்பார்கள். ஓட்டோஸோ என்பது மருந்துச் சரக்கு போட்ட மது, வேண்டாம். அமாஸாகே என்ற இனிப்பு அரிசிப் பானம் இரண்டு வகை: அரிசியைக் கோஜி என்ற பூஞ்சையால் நொதிக்க வைத்ததில் மது இல்லை, சாகே என்ற அரிசி மது வடித்த பிண்ணாக்கில் செய்ததில் உண்டு. எதில் செய்தது என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மதுவைப் போலவே தேநீரும் சபையில் விலக்கு என்பதால், பச்சைத் தேநீருக்குப் பதில் முகிச்சா கேளுங்கள், அது வெறும் பார்லி. மோச்சி என்ற ஒட்டும் அரிசிப் பண்டத்தைச் சின்னதாக வெட்டி, நன்றாக மென்று விழுங்க வேண்டும். தொண்டையில் அடைத்து ஒவ்வொரு புத்தாண்டுக்கும் முதியவர்கள் சாகிறார்கள்.

முடிந்த ஆண்டில் இறப்பு நடந்த வீட்டில் ‘அகெமாஷிதே ஒமெதேத்தோ’ என்று புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூடாது, வாழ்த்து அட்டையும் கூடாது. டிசம்பருக்குள் அவர்களே துக்க அட்டை அனுப்பியிருப்பார்கள், சபையில் கேட்டால் தெரியும். மற்றவர்களுக்கான அட்டையை டிசம்பர் 25-க்குள் தபாலில் போட்டால் முதல் தேதியே போய்ச் சேரும்.

வேலை முடிந்ததும் ஆரஞ்சுப் பழம் நீட்டுவார்கள். அடியோடு மறுத்தால் அவர்களுக்கு மனச்சுமை, இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சமயத்தில் துண்டுப் பிரசுரத்தை எடுக்கவே எடுக்காதீர்கள். எடுத்தால் செய்த உதவிக்கு விலை கேட்டதாகிவிடும்.

குளிர்நாடன்:
அக்கா சொன்ன கடைசி விஷயத்தை நானும் வழிமொழிகிறேன்.

மாற்றல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வருவதால், எந்த வீட்டில் புகைக்குழாய் எந்தப் பக்கம், பனியை எங்கே கொட்டலாம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஒரே கட்டடத்தை இரண்டு சபைகள் பகிரும் இடங்களில் ஜனவரியில் ஆராதனை நேரம் மாறும். டிசம்பரில் அழைக்கப்பட்டவர் பழைய நேரத்துக்கு வந்து, அடுத்த சபையின் கூட்டத்தில் திகைத்து உட்கார்ந்திருப்பார். அழைத்தவர்கள் எல்லாருக்கும் 31-ஆம் தேதிக்குள் புது நேரத்தைத் தெரியப்படுத்திவிடுங்கள்.