பதில்: படிப்பகம் இரண்டாம் மாடி, ஃபாதர் சிலை – பணம் அனுப்பும் முன்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,

நம் ஊர்ப் படிப்பகத்தைப் பெரிதாக்க டொரண்டோ அண்ணன் நம் சங்கத்துக்கு அனுப்பிய பிளானையும் அதற்கு வந்த எல்லாப் பதில்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டாம் மாடி, முகப்பில் கிரானைட், வாசலில் நம் பெரிய ஃபாதருக்கு ஆளுயரச் சிலை, மொத்தம் 18 லட்சம். "அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஒரு பாதிரியார் பெயரில் அவ்வளவு பெரிய நூலகமே நிற்கிறது, காசிமேட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மனிதருக்கு ஒரு சிலை கூடவா கூடாது?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிற சவுத் பெண்டில்தான் நான் வேலை பார்க்கிறேன். அந்தப் பாதிரியார் பெயர் தியடோர் ஹெஸ்பர்க். அவர் கதையை எடுத்த பிறகு முழுசாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது.

அதற்கு முன்னால் வேறொன்று. சித்தி மகள் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தாள். மாலை ஏழு மணிக்குப் படிப்பகம் பூட்டிக் கிடந்ததாம். பிளஸ் டூ பிள்ளைகள் நாலைந்து பேர் ஐஸ் கம்பெனி வாசல் விளக்கில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறாள். நாம் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்கள் மேல் பழைய திருவிழா ஃபிளக்ஸ் போர்த்தியிருந்தது. சாவி யாரிடம் என்று கோயில்பிள்ளையைக் கேட்டால் பஞ்சாயத்தாரிடம் கேள் என்றாராம். பஞ்சாயத்தார் செயலாளர் வீட்டில் இருக்கும் என்றார்கள். செயலாளர் வீட்டில், போன ஃபாதர் மாற்றலாகிப் போகும்போது யாரிடமோ கொடுத்துவிட்டுப் போனார் என்றார்கள். முதல் மாடிக்கே சாவி யாரிடம் என்று தெரியவில்லை. அப்புறம் இரண்டாம் மாடி எதற்கு?

சரி, ஹெஸ்பர்க்குக்கு வருகிறேன்.

நியூயார்க் மாநிலத்து சிராக்யூஸில் 1917-இல் பிறந்தவர். திருச்சிலுவை சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, ரோமில் படித்துக்கொண்டிருந்தபோது யுத்தம் வந்துவிட்டதால் 1940-இல் திரும்பி, 1943-இல் குருப்பட்டம் பெற்றார். கடற்படையில் சாப்ளினாக, அதாவது படைவீரர்களின் ஆன்மகுருவாகப் போகத்தான் ஆசை. சபை அனுப்பவில்லை, நோட்டர் டேமில் பாடம் எடுக்கச் சொன்னது. அங்கே யுத்தம் முடித்துக் குடும்பத்தோடு படிக்க வந்த முன்னாள் ராணுவத்தினரின் குடியிருப்புக்கு ஆன்மகுருவாக இருந்தார். கைக்குழந்தையோடு பரீட்சைக்குப் படிக்கிற வீடுகள் அவருக்குத் தெரியும். 1952-இல், 35 வயதில், பல்கலைக்கழகத் தலைவர். 1987 வரை 35 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தார்.

அந்தக் காலத்தில் நோட்டர் டேம் என்றால் ஃபுட்பால், அவர்கள் ஊர் ஃபுட்பால். பதவியேற்ற புதிதில் படமெடுக்க வந்தவர்கள் பந்தை எடுத்துக் கையில் கொடுத்து, குனிந்து ஆட்டக்காரரைப் போல நில்லுங்கள் என்றார்களாம். நான் கோச் இல்லை, பல்கலைக்கழகத் தலைவர் என்று மறுத்துவிட்டார். ஆட்டத்தை அவர் நிறுத்தவில்லை. அதற்கு எந்த இடமோ அந்த இடத்தைக் கொடுத்தார். அவர் வந்தபோது மாணவர்கள் ஏறக்குறைய 5,000, போகும்போது 9,600. பல்கலைக்கழகத்தின் வைப்பு நிதி 90 லட்சம் டாலரிலிருந்து 35 கோடி டாலரானது.

மஸ்கட் அண்ணன், இது உங்களுக்கு. அந்த 35 வருடமும் பணப்பெட்டி ஹெஸ்பர்க் கையில் இல்லை. எட்மண்ட் ஜாய்ஸ் என்று இன்னொரு பாதிரியார், குருவாவதற்கு முன்னால் ஆடிட்டராக இருந்தவர், துணைத் தலைவராக அதே 1952-இலிருந்து அதே 1987 வரை கணக்கு வழக்கு, கட்டடம், விளையாட்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஹெஸ்பர்க் ஊர் ஊராகப் போனவர். பல்கலைக்கழகத்தில் அவரைப் பார்க்கவே முடியவில்லை என்று மாணவர்களே குறைப்பட்டிருக்கிறார்கள். ஆனாலும் கல்லூரி நடந்தது, காரணம் ஜாய்ஸ். ஆகவே நீங்கள் மூன்று வருடமாக ரசீது கேட்பதைக் குவைத் மாமா "கோயில் காரியத்தில் சந்தேகப்படுவது" என்று எழுதியது எனக்குச் சரியாகப் படவில்லை. மாமா, கணக்குக் கேட்பவர் கோயிலுக்கு எதிரி ஆகிவிடமாட்டார். பெரிய ஃபாதரே பூசை முடிந்ததும் உண்டியல் கணக்கை நோட்டுப் பலகையில் ஒட்டியவர்தானே? அந்தப் பலகையில் இப்போது என்ன ஒட்டியிருக்கிறது என்று நீங்களே ஊரில் கேட்டுப் பாருங்கள்.

இனி நம் ஆட்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி. அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஓட்டுரிமை முதலான உரிமைகளை ஆராய 1957-இல் ஜனாதிபதி ஐசனோவர் ஆறு பேர் கொண்ட குடிமை உரிமைகள் ஆணையத்தை அமைத்தார். மூன்று பேர் வடக்கத்தியர், மூன்று பேர் தெற்கத்தியர். வடக்கத்திய மூவரில் ஒருவர் ஹெஸ்பர்க், இன்னொருவர் கறுப்பினத்தவர். தெற்கே விசாரணைக்குப் போனால் அந்த உறுப்பினருக்கு ஓட்டலில் ரூம் கிடைக்காது. அதனால் எல்லோரும் விமானப்படைத் தளத்தில் தங்கினார்கள். 1959 ஜூலையில் லூசியானாவில் அப்படி ஒரு தளத்தில் மாட்டிக்கொண்டார்கள். வெக்கை, ஜெட் விமானச் சத்தம். விசாரணைக்கும் கோர்ட் தடை போட்டுவிட்டது. அறிக்கை எழுதியாக வேண்டும், ஆறு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

ஹெஸ்பர்க் விமானம் ஏற்பாடு செய்து அத்தனை பேரையும் விஸ்கான்சின் மாநிலத்தில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். நோட்டர் டேமுக்குச் சொந்தமான ஏரிக்கரை அது. இரவுச் சாப்பாடு, அப்புறம் படகும் தூண்டிலும். அங்கே போன பிறகுதான், ஆறு பேரும் மீன்பிடிப்பதில் பைத்தியம் என்பது தெரியவந்தது. ஏரியிலிருந்து திரும்பி உட்கார்ந்தார்கள். பரிந்துரைகள் 12. அவற்றில் 11-ஐ ஆறு பேரும் ஒருமனதாக ஏற்றார்கள். அந்த ஆணையம் சொன்னவற்றில் பெரும்பகுதி பின்னால் 1964 குடிமை உரிமைச் சட்டத்திலும் 1965 ஓட்டுரிமைச் சட்டத்திலும் இடம்பெற்றது. எப்படி ஒத்துப்போனீர்கள் என்று ஐசனோவர் ஆச்சரியப்பட்டுக் கேட்டபோது, நாங்கள் எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள் என்று பதில் சொன்னதாக ஹெஸ்பர்க்கே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான். அவரும் பெரியப்பாவும் வீட்டில் முகம் பார்க்காத காலத்திலும் ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போனார்கள். கரையில் பேசாத பேச்சைக் கடலில் பேசினார்கள். நம் சங்கத்தில் டொரண்டோவும் மஸ்கட்டும் கடைசியாக ஒன்றாகப் படகில் உட்கார்ந்தது எப்போது? 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு வாரம் இரண்டு பேரும் ஊரில் சேர்ந்து இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஹெஸ்பர்க் அதோடு நிற்கவில்லை. 1964-இல் சிகாகோ மைதானத்தில் மார்ட்டின் லூதர் கிங்கோடு கைகோத்து நின்றார். 1969-இல் அந்த ஆணையத்துக்கே தலைவரானார். கறுப்பின மக்களின் உரிமைக்காக ஜனாதிபதி நிக்சனின் அரசு செய்யாததைச் செய்யவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 1972-இல் நிக்சன் மறுபடி ஜெயித்ததும் அவரை விலகச் சொல்லிவிட்டார்கள். பெரிய இடத்தோடு பழகியவர், ஆனால் பெரிய இடத்துக்காக வாயை மூடிக்கொண்டவர் இல்லை.

இப்போது படிப்பகத்துக்கு நேரடியாகப் பொருந்துகிற விஷயம். முதலில் அவர் அங்கிருந்த சபைக் குருக்களின் மடத்துக்கும் தலைவர், பல்கலைக்கழகத்துக்கும் தலைவர். சபைச் சட்டப்படி அந்த மடத் தலைமை ஆறு வருடம்தான். 1958-இல் இரண்டு பதவியையும் பிரித்தார்கள். மடத்துக்கு வேறொருவர் வந்தார், இவர் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். நம்மிடம் என்ன நடக்கிறது? பங்குத்தந்தை மாற்றலாகும்போது படிப்பகமும் சேர்ந்து மாற்றலாகிறது. ஒருவர் வந்து டியூஷன் வைக்கிறார், அடுத்தவர் அந்த ஹாலில் பெஞ்சு அடுக்குகிறார். அவர்கள் மேல் தப்பில்லை. பங்குக்கே ஆயிரம் வேலை.

1967-இல் ஹெஸ்பர்க் இன்னும் பெரிய காரியம் செய்தார். தன் சபையின் கையில் இருந்த பல்கலைக்கழகத்தை, குருக்கள் அல்லாத பொதுநிலையினர் பெரும்பான்மையாக உள்ள அறங்காவலர் குழுவிடம் ஒப்படைத்தார். அதற்கு மேல் 12 பேர் கொண்ட ஒரு குழு, அதில் ஆறு பேர் சபைக் குருக்கள், ஆறு பேர் பொதுநிலையினர். தலைவர் மட்டும் சபைக் குருவாகவே இருக்க வேண்டும் என்பதை விட்டுவிடவில்லை. கத்தோலிக்கத் தன்மை போய்விடும் என்று அப்போதே திட்டினார்கள், இன்றைக்கும் திட்டுகிறவர்கள் உண்டு. அவர்கள் கவலையை நான் லேசாகச் சொல்லமாட்டேன். ஆனால் சபைக் குருவே சபையின் பிடியைத் தளர்த்தியதால்தான் வெளியார் நம்பிப் பணமும் நேரமும் கொடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

1972-இல் இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தார். 1842-இல் தொடங்கிய கல்லூரியில் அதுவரை இளநிலைப் படிப்பு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும். இதை நான் சும்மா சொல்லிவிட்டுப் போகமாட்டேன். நம் பழைய படிப்பகத்தில் பெண் பிள்ளைகளை ஆறு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். என் தம்பிகள் பத்து மணி வரை ஃபேன் காற்றில் படித்தார்கள். நான் வீட்டில் கவளை மீன் ஆய்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, புத்தகத்தில் செதில் ஒட்ட ஒட்டப் படித்து நர்சிங் சேர்ந்தேன். அனுப்பியவர் யார் என்று இங்கே எழுதவில்லை, பலருக்குத் தெரியும். புதுப் பிளானில் பெண்கள் கழிப்பறை எங்கே என்று தேடினேன். கீழே மாடிப்படிக்கு அடியில் மூன்றடிக்கு நாலடி. சிலைப் பீடம் அதைவிடப் பெரியது.

சிலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிங்கோடு கைகோத்த ஹெஸ்பர்க் சிலை சவுத் பெண்ட் நடுவிலேயே இருக்கிறது. 2015-இல் 97 வயதில் அவர் இறந்த பிறகு வைத்தது. அண்ணன் சொன்ன நூலகம் 1963-இல் திறந்தது. அதற்கு அவர் பெயரை வைத்தது 1987-இல், ஓய்வு பெறும்போது. 24 வருடம் அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள், பெயர் அப்புறம் வந்தது. கடைசி வருடங்களில் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. மாணவர்கள் முறை வைத்து வந்து செய்தித்தாள் வாசித்துக் காட்டினார்கள். அந்த வளாகத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறேன். சபைக் குருக்கள் எல்லோருக்கும் வரிசையாக ஒரே அளவுச் சிலுவை. அவருக்கும் அதேதான்.

ஆகவே என் பேச்சு இவ்வளவுதான். 18 லட்சத்தை இரண்டாம் மாடிக்குத் தரமாட்டேன். படிப்பகத்துக்கென்று தனி டிரஸ்ட் பதிவு செய்யுங்கள். பங்குத்தந்தை தலைவராக இருக்கட்டும். பங்கிலிருந்தும் பஞ்சாயத்திலிருந்தும் ஆறு பேர், நம் சங்கத்திலிருந்தும் ஊரில் படித்து வேலைக்குப் போனவர்களிலிருந்தும் ஆறு பேர். பன்னிரண்டில் நாலு பேராவது பெண்கள். பாங்கில் இரண்டு கையெழுத்து, வருடா வருடம் ஆடிட் செய்த கணக்கு இதே குழுவுக்கு. சம்பளத்துக்கு ஒரு நூலகரைப் போட்டு, சாவி அவரிடம் இருக்கட்டும். மாலை ஐந்திலிருந்து பத்து வரை, ஆண் பெண் எல்லோருக்கும். இது ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால், மாடிக்கும் சிலைக்கும் நானே முதல் ஆளாகப் பணம் போடுகிறேன்.

நூலகர் சம்பளத்துக்கு என் பங்காக ஒரு லட்சம் இப்போதே தயார். டொரண்டோ அண்ணன், உங்களுக்கு ஊரில் இருக்கும் செல்வாக்கு எங்கள் யாருக்கும் இல்லை. புது ஃபாதரிடம் நீங்களே பேசுங்கள். டிரஸ்ட் பத்திரம் எழுத மஸ்கட் அண்ணனைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் மாத முடிவுக்குள் பதில் எழுத வேண்டும்.

அன்புடன்,
வலைக் கொட்டகைத் தெரு, கடைசி வீட்டுப் பெண்

பி.கு.: துபாய் தம்பி, உங்கள் அப்பா என்ஜின் விஷயத்தைத் தயவுசெய்து இங்கே இழுக்காதே. அது உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மாவும் பேசுவார்.