குலசை தசராவில் நான் பார்த்த பேய் அக்காவும் தங்கச்சியும்

வேடக்காரர்களோடு பழகிய அனுபவம் இருந்தால் எழுதச் சொன்னீர்கள், என் பங்குக்கு இது.

எங்களுக்குத் திருச்செந்தூர் பக்கம். குலசை என்கிற குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயிலில் கொடியேறிக் காப்புக் கட்டிவிட்டால் போதும், காணிக்கை வாங்க தெருத்தெருவாகத் தசரா செட், அதாவது வேடம் கட்டியவர்கள் கூட்டம், மேளத்தோடு வந்துகொண்டே இருக்கும். காளி, எமன், கரடி, குறத்தி, போலீஸ் என்று எத்தனையோ வேடம். எனக்கு மறக்காதது ரெண்டு பேய்கள்தான். விரல் நுனி வரைக்கும் கறுப்புப் பூச்சு, காது வரை இழுத்த சிவப்பு வாய், பிளாஸ்டிக் கோரைப்பல். மோர் கொடுத்தேன், பெரிய பேய் பல்லைக் கழற்றிச் சின்னப் பேயிடம் கொடுத்துவிட்டு, "பிடிட்டி, கீழ போட்டுராத" என்றது. அப்போதுதான் பொம்பளைப் பிள்ளைகள் என்றே தெரிந்தது.

அக்காவுக்குக் கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் வெண்புள்ளி, தங்கச்சிக்கு விரல்களில். தோலுக்கு நிறம் தரும் செல்கள் அழிவதால் வருவது, தொட்டால் ஒட்டாது. இருந்தும் கல்யாணப் பந்தியில் இவர்களுக்குப் பக்கத்து இலையில் ஆள் உட்கார மாட்டார்களாம். அதனால்தான் சொந்த ஊர் செட்டில் சேராமல், ஆள் தெரியாத ஊர் செட்டில் விரதமிருந்து வேடம் கட்டியிருக்கிறார்கள். "மத்த நாள் எங்களப் பாத்து ஒதுங்குதவங்க, பேயா வந்தா மட்டும் பிள்ளையக் கையில குடுத்துத் திருநாறு பூசச் சொல்லுதாங்க" என்று சிரித்தாள் பெரியவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறு வருஷம் தங்கச்சி முகத்துக்கு மட்டும்தான் பூசியிருந்தாள். பூச்சைக் கலைக்க அழுத்தித் தேய்த்தால் அந்த இடத்திலேயே புதுப் புள்ளி வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். எதிர் வீட்டு ஆச்சி அவள் விரல்களைப் பிடித்துப் பார்த்து, "இந்த மேக்கப் நல்லாருக்கே தாயி" என்றார். "மேக்கப் இல்ல ஆச்சி, என் கைதான்." ஆச்சி ஒரு நொடி முழித்துவிட்டு, சரி பூசு என்று நெற்றியைக் காட்டினார்.

—

நல்ல அனுபவம், ஆனால் ஒரு சந்தேகம். ஆச்சி நெற்றியைக் காட்டியது அம்மனுக்கா, அந்தப் பிள்ளைக்கா? பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சிங்கமுகம், எருமைமுகம் என்று மாறிமாறி வரும் சூரனை சம்ஹாரம் பண்ணுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் காப்பை அவிழ்த்ததும் அதே ஜனம் பழையபடி தள்ளித்தானே உட்காரும்? என் அத்தை மகளுக்கும் வெண்புள்ளி உண்டு, வேடமெல்லாம் கட்டியதில்லை. முழுக்கை ஜாக்கெட்டை விடவே அவளுக்குப் பல வருஷம் ஆனது.

—

முதலில் எழுதியவன்தான். நீங்கள் கேட்பது நியாயம், ஜனம் மாறிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மாறியது அந்தப் பிள்ளைகள். பெரியவள் இப்போது ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறாள், புள்ளியை மறைக்கும் கிரீம் எதுவும் கிடையாது. யாராவது உற்றுப் பார்த்தால், "என்னக்கா, முகத்தப் பாக்கீங்களா சேலையப் பாக்கீங்களா?" என்று அவளே கேட்டுவிடுகிறாள். போன தசராவுக்கும் ரெண்டு பேரும் பேய்தான், இந்தத் தடவை சொந்த ஊர் செட்டில்.