முழங்கால் தேய்மானம்: தாய் சி செய்தால் வலி கூடுகிறதே?

வேம்படி:
வணக்கம். எனக்கு 57 வயது. வலது முழங்காலில் தேய்மானம், இரண்டாம் நிலை என்று எலும்பு மருத்துவர் சொன்னார். மாடிப்படி இறங்கும்போதுதான் உயிர் போகிறது. யூடியூப் பார்த்து 24 நிலைத் தாய் சி என்னும் சீன உடற்பயிற்சியை மூன்று வாரமாகச் செய்துவருகிறேன். தோளும் முதுகும் லேசாகிவிட்டன. முழங்காலோ முன்பைவிட அதிகமாக வலிக்கிறது. இவ்வளவு மெதுவான பயிற்சியில் மூட்டு எப்படி நோகும்? விட்டுவிடலாமா?

சைப்ரஸ் நிழல்:
விட்டுவிடாதீர்கள் ஐயா. ஆனால் அந்த வீடியோவை இன்றே நிறுத்துங்கள்.

மெதுவாகச் செய்வதால்தான் நோகிறது. நடக்கும்போது உடல் எடை ஒரு காலில் ஒரு நொடிகூட முழுதாகத் தங்குவதில்லை. தாய் சியில் மடங்கிய ஒற்றை முழங்காலின்மேல் பல நொடிகள் நிற்கிறது. அந்த நேரத்தில் பாதத்தை ஊன்றியபடியே உடம்பைத் திருப்பினால், திருகல் நேராக மூட்டுக்குள் இறங்கும்.

கணவரின் வேலை காரணமாக நான்கு ஆண்டுகள் பெய்ஜிங்கில் இருந்தேன். எனக்கும் அப்போது இடது முழங்காலில் வலி. மிங், சிங் வம்சத்துச் சீன மன்னர்கள் நல்ல விளைச்சல் வேண்டி வழிபட்ட சொர்க்கக் கோயிலைச் சுற்றிப் பெரிய பூங்கா இருக்கிறது. விடிந்ததும் அங்குள்ள பழைய சைப்ரஸ் மரங்களடியில் ஓய்வுபெற்றவர்கள் கூடிவிடுவார்கள். எனக்குக் கற்றுக்கொடுத்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். முதல் மாதம் முழுவதும் கை அசைவே கிடையாது. முன்காலை வைக்க வேண்டும், குதிகால் தரையைத் தொட வேண்டும், எடையை மட்டும் கொடுக்கக் கூடாது. வைத்த மறுகணம், தன் கறுப்புத் துணிக்காலணியின் நுனியால் என் பாதத்தைப் பக்கவாட்டில் தட்டுவார். பாதம் காகிதம்போல் நகர்ந்தால் தலையசைப்பார். நகராவிட்டால் 'ஷ்யூ' என்று ஒரே ஒரு சொல்தான். வெறுமை என்று பொருள். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டிசம்பர் குளிரில் அந்த ஓர் அடியையே ஒரு மணி நேரம் வைத்திருக்கிறேன்.

திரும்புவதற்கும் அதுதான் வழி. எடையைப் பின்காலுக்குக் கொண்டுபோங்கள், வெறுமையான முன்பாதத்தைக் குதிகாலை அச்சாக வைத்துத் திருப்புங்கள், பிறகு அதன்மேல் ஏறுங்கள். முழங்கால் எப்போதும் பாதவிரல் காட்டும் திசையையே பார்க்கட்டும். உள்ளே சாயவிடாதீர்கள்.

24 நிலைத் தொகுப்பு 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தாய் சியின் யாங் மரபிலிருந்து சுருக்கியது. சுருக்கம் என்றதும் எளிது என்று நினைத்துவிடுகிறோம். தாழ இறங்கி எழுந்து ஒற்றைக்காலில் நிற்கும் இரண்டு நிலைகள் அதில் உண்டு. உங்கள் காலுக்கு அவை இப்போது வேண்டவே வேண்டாம். கால் தேறும்வரை பாதுவான்ஜின் என்ற இன்னொரு சீனப் பயிற்சியைப் பழகுங்கள். 'எட்டுத் துண்டுப் பட்டு' என்று பொருள்; எட்டே அசைவுகள், ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். இரு கைகளாலும் வானத்தைத் தாங்குவதில் தொடங்கி, குதிகாலை ஏழு முறை உயர்த்தி இறக்குவதில் முடியும். முழங்காலை லேசாக மடித்தாலே போதும்.

வேம்படி:
மிக்க நன்றி அம்மா. அந்தத் தாழ்நிலையை இரண்டாவது வாரமே முயன்றேன். வலி தொடங்கியதும் அப்போதுதான். கூடவே அக்குபஞ்சரும் செய்துகொள்ளலாமா?

நீலக்கதவு:
நான் பிசியோதெரபிஸ்ட். மேலே சொன்னது சரி. அமெரிக்க வாதநோய் மருத்துவர் சங்கம் (ACR) 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்குத் தாய் சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது, அக்குபஞ்சரை நிபந்தனையோடுதான். பாஸ்டனில் 204 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், வாரம் இருமுறையாக 12 வாரம் தாய் சி செய்தவர்களுக்கு, பிசியோதெரபி பெற்றவர்களுக்கு இணையாகவே வலி குறைந்தது. அக்குபஞ்சர் செய்துகொண்டால் ஒருமுறை பயன்படுத்தும் ஊசிதானா என்று பாருங்கள். இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். மூட்டு வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சைப்ரஸ் நிழல்:
நானும் பெய்ஜிங்கில் அக்குபஞ்சர் ஊசி போட்டுக்கொண்டேன். நம் மாசிபத்திரிக்கு நெருங்கிய இனமான செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் முழங்காலுக்கு வெப்பம் காட்டினார்கள். இதமாகத்தான் இருந்தது, இரண்டு நாளில் வலி திரும்பிவிடும். படியிறங்கும் வலி எனக்குக் குறைந்தது அந்த ஓர் அடியால்தான், அதற்கும் ஐந்து மாதம் ஆயிற்று. வீட்டில் யாரையாவது உங்கள் முன்காலைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் ஐயா.

வேம்படி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். தாழ்நிலையை விட்டதும் புதிய வலி அடங்கிவிட்டது. படி இறங்கும் வலி அப்படியே இருக்கிறது. மாலையில் பேத்தி வந்து பாதத்தைத் தட்டுகிறாள். பத்துக்கு ஏழு முறை நகரவில்லை. நேற்று ஆறு.