கருமருந்து ரிவால்வர்: டெக்சஸில் வாங்கலாமா, பினாங்குக்குக் கொண்டுவரலாமா?

பாயான் லெப்பாஸ் வாசி:
எல்-1 விசாவில் (கம்பெனி இடமாற்றத்துக்கான தற்காலிக வேலை விசா) டெக்சஸில் வேலை பார்க்கும் தம்பிக்காகக் கேட்கிறேன். கருமருந்து (பழைய காலத்துக் கரிய வெடித்தூள்) நிரப்பிச் சுடும் 1851 கோல்ட் நேவி ரிவால்வரின் இத்தாலிய நகலை ஆர்டர் செய்தால் நேரே வீட்டுக்கே வந்துவிடுமாம். "சட்டப்படி இது துப்பாக்கியே இல்லை" என்கிறார் கடைக்காரர். அடுத்த வருஷம் அவன் நியூ ஜெர்சிக்கு மாறலாம். ஊர் திரும்பும்போது லக்கேஜில் போட்டுக் கொண்டுவர முடியுமா?

கேப்_அண்ட்_பால்:
அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தை மட்டும் பார்த்தால் கடைக்காரர் சொல்வது சரி. 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898 வரை செய்த துப்பாக்கிகளைப் 'பழங்காலத்தவை' என்று ஒதுக்கிவிடுகிறது. அவற்றின் நகல்களும் அதில் சேரும், வழக்கமான ரிம்ஃபயர், சென்டர்ஃபயர் தோட்டா (குண்டும் மருந்தும் ஒரே உறையில் இருக்கும் இன்றைய தோட்டா) போடும்படி செய்யாதவரை. நகல் போன மாதம் செய்ததாக இருந்தாலும் கவலையில்லை. அதனால்தான் துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்பும் 4473 படிவம் கிடையாது, பின்னணிச் சோதனையும் கிடையாது.

தம்பிக்கு இது முக்கியம். எல்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாக்காரர் சாதாரணத் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டரசுக் குற்றம்; வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. பழங்காலத்தது என்பதால் மட்டுமே இந்த ரிவால்வர் தப்புகிறது.

பலர் மாட்டிக்கொள்வது சிலிண்டரில். .38 தோட்டா போடும் மாற்றுச் சிலிண்டர் தனியாக விற்பார்கள். குழலைப் பிடித்திருக்கும் ஆப்பைத் தட்டி எடுத்து, குழலை உருவி, சிலிண்டரை மாற்றிப் போட சில நிமிடம் போதும். மாட்டியதும் அது முழுத் துப்பாக்கி, விலக்கு போச்சு. அந்தச் சிலிண்டரை வாங்கவே வேண்டாம்.

மருந்துக்கும் அளவு உண்டு. கடையில் வாங்கிய கருமருந்து 50 பவுண்டு வரை, அதாவது 22.7 கிலோ, பழங்காலத் துப்பாக்கியில் பொழுதுபோக்காகச் சுட மட்டும் என்றால் கூட்டரசு வெடிபொருள் லைசென்ஸ் வேண்டாம்.

மாநிலச்_சட்டம்:
இதெல்லாம் அடித்தளம்தான். மேலே ஒவ்வொரு மாநிலமும் தன் சுவரைக் கட்டிக்கொள்ளும். டெக்சஸ் ஏறக்குறைய கூட்டரசு வரையறையையே எடுத்துக்கொண்டது. நியூ ஜெர்சியில் கேப் (அடித்தால் பொறி கிளம்பி மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வைத்துச் சுடும் ரிவால்வரும் கைத்துப்பாக்கிதான். வாங்க போலீசின் கைத்துப்பாக்கி பெர்மிட் வேண்டும். டெக்சஸில் வாங்கியதைப் பெட்டியில் போட்டு அங்கே குடிபோவதற்கு முன் அங்குள்ள வக்கீலைக் கேட்பது நல்லது.

நியூயார்க் இன்னும் வேடிக்கை. காலித் துப்பாக்கியைச் சுவரில் மாட்டினால் பழங்காலப் பொருள். மருந்தும் குண்டும் கூடவே வைத்திருந்தால், உள்ளே போடாவிட்டாலும் 'நிரப்பிய துப்பாக்கி' ஆகிவிடும், லைசென்ஸ் கேட்பார்கள்.

விமானத்தில் கருமருந்துக்கும் கேப்புக்கும் இடமில்லை. கைப்பையிலும் கூடாது, செக்-இன் பெட்டியிலும் கூடாது.

ஜார்ஜ்டவுன்_அண்ணன்:
மலேசியாவுக்கு? நினைக்கவே வேண்டாம் தம்பி. இங்கே துப்பாக்கி, வெடிமருந்து இரண்டும் கூட்டரசுப் பட்டியலில் இருப்பவை. பினாங்குக்கு ஒன்று, சிலாங்கூருக்கு ஒன்று என்று சட்டம் கிடையாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் வரையறை, குழல் வழியே குண்டு பாயுமா, ஆளைக் கொல்லுமா என்றுதான் பார்க்கிறது. உதிரிப் பாகமும் அதில் அடக்கம். கழற்றிப் போட்டாலும் சிலிண்டரும் குழலும் ஆயுதம்தான்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டம் பாயும்: 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் (பிரம்பு) அடி. கருமருந்துக்கு 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தனி. கஸ்டம்ஸில் வந்து சொல்லிக்கொள்ளலாம் என்பதும் வேலைக்கு ஆகாது. இறக்குமதி பெர்மிட் கையில் இருந்த பிறகுதான் சாமான் கிளம்ப வேண்டும்.

பாயான் லெப்பாஸ் வாசி:
குழலை அடைத்து, வெறும் ஷோகேஸ் பொருளாகக் கொண்டுவந்தால்?

ஜார்ஜ்டவுன்_அண்ணன்:
போலி ஆயுதத்துக்கும் அதே சட்டத்தில் தடை இருக்கிறது. அங்கேயே விற்றுவிட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.