நடந்தால் பசிக்கும், பசித்தால் தின்போம்: அப்புறம் நடை எதற்கு?

உச்சிப்புளிக்காரன்:
அரியமான் கடற்கரையில் காலை நடை முடிந்ததும் பாதிப் பேர் நேராக டீக்கடைக்குத்தான் போகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 65 கிலோ ஆள் தார்ச்சாலையில் ஒரு மணி நேரம், 5 கிலோமீட்டர் நடந்தால் சுமார் 230 கலோரி செலவாகும். சும்மா உட்கார்ந்திருந்தாலே அதில் 65 போயிருக்கும். ஆக, நடையால் கரைந்தது 160 சொச்சம். ஒரு பால் டீ, இரண்டு உளுந்து வடை என்றால் 250ஐத் தாண்டிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் கிட்டத்தட்ட 7,700 கலோரி இருக்கிறது. ஒரு வாய்கூட அதிகம் தின்னாமல் இருந்தாலே ஒரு கிலோ இறங்க 48 நாள் ஆகும்.

இன்னொன்று. தான்சானியாவின் ஹட்சா வேட்டைக்குடிகளைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அந்த ஆண்கள் நாளைக்கு 11 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் அவர்களுடைய மொத்த நாள் செலவு மேலைநாட்டு நகரவாசியின் செலவை விடக் கூடுதலாக இல்லை. உடம்பு வேறு எங்கோ சிக்கனம் பிடித்துவிடுகிறது. எடை இறங்க வேண்டுமானால் சோற்றுத் தட்டில்தான் கை வைக்க வேண்டும்.

கீழக்கரை காக்கா:
தம்பி, கூட்டல் கழித்தல் சரி, முடிவு தப்பு. நடந்தால் பசி கூடியே தீரும் என்று எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

1956இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஜீன் மேயர் குழு மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஆட்களின் சாப்பாட்டையும் எடையையும் உழைப்போடு ஒப்பிட்டுப் பார்த்தது. நாள் பூரா உட்கார்ந்தே இருந்தவர்கள், லேசாக வேலை பார்த்தவர்களை விட அதிகமாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்குத்தான் அதிகம். கடும் வேலைக்காரர்கள் நிறையச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை. பசிக்கும் உழைப்புக்கும் நடுவில் ஒரு கயிறு இருக்கிறது. அது உட்கார்ந்தே கிடப்பவனுக்குத்தான் அறுந்துபோகிறது. நம்ம பக்கம் கரைவலை இழுப்பவர்கள் சாப்பிடும் அளவையும் அவர்கள் வயிற்றையும் பாருங்கள்.

அடுத்தது வேகம். மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் இறங்குகிறது. பசியை அடக்கும் பி.ஒய்.ஒய்., ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோன்கள் இரண்டும் ஏறுகின்றன. கடும் பயிற்சியில் சேரும் லாக்டேட்டிலிருந்து உண்டாகும் லாக்-ஃபீ என்ற பொருள் எலிகளின் தீனியைக் குறைத்ததை 2022இல் காட்டினார்கள். ஆற அமர நடந்தால் இது அவ்வளவாக நடக்காது. ஆகவே 40 நிமிட நடையில் கடைசிப் பதினைந்தை மாற்றுங்கள்: ஒரு நிமிடம் நாலு சொல்லுக்கு மேல் பேச முடியாத வேகம், இரண்டு நிமிடம் நிதானம், இப்படி ஐந்து முறை. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

உச்சிப்புளிக்காரன்:
காக்கா, அந்தப் பசி அடக்கம் எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் இன்னும் கொஞ்சம். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அது நிற்காது. உடல் பருமனான 35 பேரை 12 வாரம் மேற்பார்வையில் பயிற்சி செய்ய வைத்த ஆய்வு ஒன்று 2008இல் வந்தது. சராசரியாக 3.7 கிலோ இறங்கியது. ஆனால் ஒருவருக்கு 14.7 கிலோ இறங்கியது, இன்னொருவருக்கு 1.7 கிலோ ஏறியது! ஒரே அளவு பயிற்சிக்கு இவ்வளவு வித்தியாசம் வருகிறது என்றால், ஈடுகட்டித் தின்னும் ஆட்களுக்கு உங்கள் வேக நடை என்ன செய்யும்? காலையில் நடந்துவிட்டோம் என்று மத்தியானம் இரண்டு மணி நேரம் படுப்பவர்களும் உண்டு. அந்தச் செலவும் கழிகிறது.

தொண்டி தம்பி:
மணலில் நடந்தால் இரட்டிப்புச் செலவு என்கிறார்களே, உண்மையா? கடலில் நீந்தினால் அகோரப் பசி எடுக்கிறதே, அது ஏன்?

பாசிக்கரை:
தம்பி, மணல் விஷயம் உண்மை. அதே வேகத்தில் காய்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையை விட 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் ஆகிறது என்று 1998இல் அளந்திருக்கிறார்கள். கால் புதையும்போது மணலைத் தள்ளவே வேலை போய்விடுகிறது, தசைநாரின் துள்ளலும் வீணாகிறது. ஆனால் மணலில் யாருக்கும் அதே வேகம் வராது. அதனால் ஒரு மணி நேரக் கணக்கில் இரட்டிப்பு என்று நம்பிவிடாதீர்கள். முதல் வாரம் 40 நிமிடத்தில் 5 நிமிடம் மட்டும் காய்ந்த மணல், மீதி ஈர மணல். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டுங்கள். அவசரப்பட்டால் குதிகால் தசைநாரும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் போன வழியே திரும்பி வர வேண்டும். ஒரே திசையில் நடந்தால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் சுமை வாங்கும். சர்க்கரை நோயில் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு இறங்கவே வேண்டாம், கிளிஞ்சல் குத்துவது தெரியாது.

நீச்சல் பசிக்குக் காரணம் பெரும்பாலும் குளிர். 20 டிகிரி நீரில் சைக்கிள் மிதித்தவர்கள், 33 டிகிரி நீரில் மிதித்தவர்களை விட 44 சதவீதம் அதிகம் சாப்பிட்டார்கள். நம்ம கடல் 26 டிகிரிக்குக் கீழே போவது அரிது, அதனால் இங்கே அந்த அளவுக்கு இருக்காது. வாடைக்காற்றில் ஈரத்துணியோடு நிற்காமல் உடனே துவட்டி உடை மாற்றுங்கள். அரியமான் பக்கம் அலை அடங்கியிருக்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நீரோட்டம் இழுக்கும், அங்கே இறங்கவே கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடை முடிந்து எடை பார்த்து 800 கிராம் இறங்கியது என்று மகிழ்கிறார்கள். அது வியர்வை. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துவிடுகிறது. உடம்பு குளிராததால் மேலும் மேலும் வியர்க்கிறது. 800 கிராம் குறைந்தால் ஒரு லிட்டருக்குச் சற்று மேலான தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக வியர்த்தால் உப்புப் போட்ட மோர் நல்லது. இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு. தாகத்தைப் பசி என்று எண்ணிப் பலகாரத்தில் கை வைப்பதும் இந்த நேரத்தில்தான்.

உச்சிப்புளிக்காரன்:
அக்கா சொன்னதில் மறுப்பில்லை. ஆனால் "தசை கூடினால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும்" என்று ஜிம் விளம்பரங்கள் சொல்வதை யாராவது கண்டிக்க வேண்டும். ஒரு கிலோ தசை ஓய்வில் நாளைக்கு சுமார் 13 கலோரிதான் எரிக்கிறது. பாடுபட்டு 2 கிலோ ஏற்றினால் 26 கலோரி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்குக்கூடக் காணாது.

கீழக்கரை காக்கா:
இதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன், தம்பி. ஆனால் தசையின் வேலை வேறு. சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையில் பெரும்பங்கைச் சேர்த்து வைக்கும் கிடங்கு அதுதான். நீங்கள் சொல்வது போலத் தட்டில் மட்டும் கை வைத்து எடை குறைத்தால், குறைந்ததில் கால்வாசி வரை கொழுப்பல்லாத சதையாகப் போய்விடும். அதைக் காப்பாற்ற வாரம் இரண்டு நாள், நடுவில் 48 மணி நேரம் இடைவெளி விட்டு: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல் 12, மேசை விளிம்பில் கை ஊன்றித் தண்டால் 10, குனிந்து 5 லிட்டர் தண்ணீர் கேனை விலாவுக்கு இழுத்தல் கைக்கு 12. மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை கஷ்டமாக இல்லையென்றால் எடை போதவில்லை, கேனை மாற்றுங்கள். 65 கிலோ ஆளுக்கு நாளைக்கு 75 கிராம் வாக்கில் புரதம் வேண்டும். 100 கிராம் சூடை மீனில் 20 கிராம், இரண்டு முட்டையில் 12, ஒரு கிண்ணம் பருப்பில் 8. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் நிற்க வேண்டும். காலைச் சாப்பாட்டை நடைக்குப் போகும் முன்பே எடுத்து வையுங்கள். பசி அடங்கியிருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்தால் டீக்கடை வடைக்கு இடமிருக்காது.

பாசிக்கரை:
இரண்டு பேரும் எடை இயந்திரத்தை விட்டு இறங்க மாட்டேன் என்கிறீர்கள். எடை ஒரு கிராம்கூட இறங்காமலே மூச்சுத் திறன் கூடும், இரத்த அழுத்தம் குறையும். ஒரு நடையால் இன்சுலின் நன்றாக வேலை செய்வது 24 முதல் 48 மணி நேரம் வரைதான். அதனால் சேர்ந்தாற்போல இரண்டு நாள் விடக் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிடம் நடப்பது சர்க்கரை ஏற்றத்தை மட்டுப்படுத்தும். இன்சுலினோ கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேக நடைக்குப் போகக் கூடாது. சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து எடுத்துவிட்டுக் கிளம்புங்கள், பையில் சர்க்கரைப் பொட்டலமும் இருக்கட்டும்.

உச்சிப்புளிக்காரன்:
அப்படியானால் எதை அளப்பது, அக்கா?

பாசிக்கரை:
கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் வயிற்றுச் சுற்றளவு. நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டக் கூடாது. எழுந்ததும் படுக்கையிலேயே ஒரு நிமிட நாடித்துடிப்பு. மாதம் ஒரு முறை அதே சாலையில், அதே நேரத்தில், 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று. கச்சான் காற்று எதிர்த்து வீசும் நாளில் இதை அளக்காதீர்கள், தூரம் குறைவாகக் காட்டும்.

உச்சிப்புளிக்காரன்:
அளவுகோலை ஒத்துக்கொள்கிறேன், நடையையும் விடச் சொல்லவில்லை. ஆனால் வயிற்றுச் சுற்றளவு இறங்க முதலில் டீயில் சர்க்கரையைப் பாதியாக்கி, வடையை வாரத்துக்கு ஒன்றாக்குங்கள் என்பதில் மாற்றமில்லை.

கீழக்கரை காக்கா:
அதோடு தொதலையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சுண்டிச் சேர்ந்த பண்டம், ஒரு விரல் அளவுத் துண்டு போதும்.