ராவில பிள்ளையை எழுப்பிச் சலம் போக விடுறது சரியா?

உவர்மலை:
படுக்கையில சலம் போற பிள்ளைக்கு, ஈரம் பட்டதும் அடிக்கிற அலாரம் பூட்டச் சொல்லி இப்ப எல்லா இடத்திலயும் எழுதுறாங்கள். 7 வயசுப் பிள்ளைக்கு அது தேவையில்லை எண்டுதான் சொல்லுவன். பின்னேரம் 6 மணியோட தண்ணியைக் குறை. 11 மணிக்கு ஒருக்கா, விடிய 3 மணிக்கு ஒருக்காத் தூக்கிக்கொண்டு போய் இருத்து. பாய் காய்ஞ்சிருக்கும், பிள்ளையும் கூசாமல் பள்ளிக்கூடம் போகும். 5 வயசில நூறு பிள்ளையில ஏறக்குறைய 15 பேருக்கு இது இருக்கு. பிறகு வருசா வருசம் அவங்களில ஏழில ஒருத்தருக்குத் தானா நிண்டுபோகுது. தானா நிக்கிறதுக்கு ஏன் மெசின்?

நிலாவெளி:
உவர்மலை அண்ணை, பாய் காயுது, உண்மை. ஆனா பழகுறது யார்? தோளில தொங்கிக்கொண்டு, கண் திறக்காமல் சலம் போற பிள்ளை நித்திரையிலதான் போகுது. சலப்பை நிரம்பினால் எழும்ப வேண்டும் எண்டு மூளை படிக்கவே இல்லை. எழும்பப் பழகுறது தூக்கிக்கொண்டு போற அம்மம்மாதான். தூக்கிக்கொண்டு போறதும் எழுப்புறதும் நீண்ட காலத்துக்குப் பலன் தராது எண்டு வைத்திய வழிகாட்டிகளை எழுதுற பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2010இல் தந்த வழிகாட்டியிலயும் இருக்கு.

6 மணிக்குத் தண்ணியை நிப்பாட்டுறது அதைவிடப் பிழை. 4 முதல் 8 வயசுப் பிள்ளைக்கு நாளுக்கு 1000 - 1400 மில்லிலீற்றர் வேணும், எங்கட வெயிலுக்கு இன்னும் கூட. குறைச்சுக் குடிக்கிற பிள்ளையின்ர சலப்பை கொஞ்சச் சலத்தை மட்டும் பிடிக்கத்தான் பழகும்.

தம்பலகாமம்:
இருவரும் இரவைப் பற்றியே பேசுகிறீர்கள். பகலைப் பாருங்கள். காலை 7 மணிக்கு அரைக் கோப்பை தேத்தண்ணியுடன் போகிற பிள்ளை, பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் போகப் பயந்து, போத்தல் தண்ணியை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறது. ஒன்றரைக்கு வீடு, பிறகு ரியூசன். 5 மணிக்கு மேல்தான் தாகம் தெரிந்து ஒரு நாள் தண்ணியையும் சேர்த்துக் குடிக்கிறது. கூடவே மிக்சர், இரவில் கருவாடு. அந்த உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்கு இன்னும் சலம் வேண்டும். இந்தப் பிள்ளையை எத்தனை தரம் எழுப்பினாலும் போதாது.

கணக்கு இப்படி: பள்ளிக்கூடம் போகமுன் ஒரு கோப்பை, இடைவேளையில் ஒன்று, வந்தவுடன் ஒன்றரை. நாலு மணிக்குள் மூன்றில் இரண்டு பங்கு முடிய வேண்டும். படுக்கைக்கு ஒரு மணித்தியாலம் முன் நிறுத்தினால் போதும். பின்னேரத் தேத்தண்ணி வேண்டவே வேண்டாம். பகலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை சலம் போக வேண்டும். இடைவேளையில் போக விடச் சொல்லி வகுப்பு ரீச்சரிடம் கேளுங்கள்.

அடுத்தது மலச்சிக்கல். மலக்குடல் சலப்பைக்கு நேர் பின்னால் இருக்கிறது. அது நிரம்பிக் கிடந்தால் சலப்பை விரிய இடமில்லை. கிழமையில் மூன்று தரத்துக்குக் குறைவாகப் போனால், கட்டியாக, வலித்துப் போனால் முதலில் அதைத் தீருங்கள். சாப்பிட்ட உடனே குடல் அசையும். அந்த நேரம் 5 - 10 நிமிடம் இருத்துங்கள். கொமேட் என்றால் காலுக்குக் கீழே சின்ன வாங்கு வேண்டும், கால் தொங்கினால் முக்க முடியாது. பப்பாசி, முருங்கையிலை போதாவிட்டால் வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

உவர்மலை:
தண்ணிக் கணக்கு சரி, 6 மணி எண்டதை வாபஸ் வாங்கிறன். அலாரத்தை ஒத்துக்கொள்ளேலாது. ஒரே அறையில பாய் விரிச்சு அஞ்சு பேர் படுக்கிற வீடு. அது அலறினால் கைக்குழந்தை எழும்பும், விடிய வேலைக்குப் போறவர் எழும்புவார். அதுவும் ரெண்டு, மூண்டு மாதம்! ஐப்பசி, கார்த்திகை மழையில மெத்தை எங்க காயும்?

நிலாவெளி:
மழைக்காலத்துக்கு, பயணத்துக்கு எழுப்புங்கோ, நான் மறுக்கேல்லை. ஒவ்வொரு நாளும் வேற வேற நேரத்தில எழுப்புங்கோ, பிள்ளை தானா நடந்து போகட்டும். அது வைத்தியமில்லை, பாய் காயிற வழி, அவ்வளவுதான்.

மெத்தைக்கு: றப்பர் சீற், மேல துணி, அதுக்கு மேல இன்னொரு றப்பர் சீற், இன்னொரு துணி. ராவில மேல் அடுக்கை உருவினால் கீழ காய்ஞ்ச படுக்கை தயார்.

அலாரம் வாங்க முதல் அளந்து பாருங்கோ. ஒரு சலப்பை பிடிக்க வேண்டிய அளவு: வயசோட ஒண்டைக் கூட்டி 30ஆல் பெருக்குங்கோ. 7 வயசுக்கு 240 மில்லிலீற்றர். லீவு நாள் ரெண்டில அளவுச் சாடிக்குள்ள போக விட்டு, விடியப் போற முதல் சலத்தைத் தவிர்த்து, ஆகக் கூடின அளவை எடுங்கோ. 155க்குக் கீழ எண்டால் சலப்பை சின்னனாப் பிடிக்குது. ராத்திரிக்கு டயப்பர் கட்டி, விடிய நிறுத்து, காய்ஞ்ச நிறையைக் கழியுங்கோ. 1 கிராம் ஏறக்குறைய 1 மில்லிலீற்றர். அதோட விடியச் சலத்தையும் கூட்டினால் 310க்கு மேல வருதோ? அப்ப ராவில சலத்தைக் குறைக்கிற ஹோர்மோன் போதாமல் இருக்கலாம்.

கிண்ணியா:
அந்தக் கூடச் சலம் வாற பிள்ளைக்குத்தான் டெஸ்மோபிரசின் எண்ட, அந்த ஹோர்மோன் மாதிரியான குளிசை நல்லா வேலை செய்யும். வைத்தியர் எழுதினால் மட்டும். வழமையா 0.2 மில்லிகிராமில தொடங்குவாங்க, படுக்க ஒரு மணித்தியாலம் முன்ன. குளிசைக்கு ஒரு மணித்தியாலம் முன்ன இருந்து பிறகு 8 மணித்தியாலம் வரை தண்ணி மிடறளவுதான். மறந்து நிறையக் குடிச்சா ரத்தத்தில சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். நோன்பு பிடிக்கிற பிள்ளை மஹ்ரிபுக்குப் பிறகுதான் நாள் முழுக்கத் தண்ணியையும் குடிக்கும், அந்த மாசம் இந்தக் குளிசை சரிவராது. மூக்குக்குள்ள அடிக்கிற ஸ்பிரேயை இதுக்குப் பாவிக்க வேணாம் எண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007லயே சொல்லிட்டுது.

இன்னொண்டு, நானாமார், ராத்தாமாரே: ஆறு மாசம் காய்ஞ்சு இருந்த பிள்ளை திரும்பத் தொடங்கினா எழுப்புறதும் வேணாம், அலாரமும் வேணாம், முதல் சலப் பரிசோதனை. கடும் தாகம், மெலிவு சேர்ந்தா அது சீனி வருத்தமாகலாம், அண்டைக்கே ஆஸ்பத்திரி. பகலிலும் நனைஞ்சா, எரிஞ்சா, காய்ச்சல் வந்தா, பெருங்குறட்டை விட்டா வைத்தியர் பாக்கட்டும். ஏசுறது, அடிக்கிறது, ஈரப் பாயை ஊருக்குக் காட்டுறது பாவம். நித்திரையில நடந்ததுக்குப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்?

உவர்மலை:
அதில எனக்கும் ரெண்டு கருத்தில்லை. அலாரம் போட்டுத்தான் ஆக வேணும் எண்டால் எப்பிடி?

நிலாவெளி:
சித்திரை லீவில தொடங்குங்கோ. ஒலி இல்லாமல் அதிருற வகையும் இருக்கு, உங்கட அஞ்சு பேர் அறைக்கு அது. ஆனா அதிர்வுக்குப் பிள்ளை எழும்புதோ எண்டு பாக்க வேணும். ஈரத்தை உணருற அலாரக் கவ்வியை உள்காற்சட்டையின்ர வெளிப்பக்கம் பூட்டுங்கோ, தோலில முட்டினால் வேர்வைக்கும் அடிக்கும். அடிச்சதும் பிள்ளைதான் நிப்பாட்ட வேணும். முதல் ரெண்டு கிழமை அதுக்குக் கேக்காது, நீங்கள் எழுப்பி நிப்பாட்ட வையுங்கோ. மிச்சச் சலத்தைக் கக்கூசில போய், உடுப்பு மாத்தி, திரும்பப் பூட்டிப் படுக்க வேணும். ஈரம் சின்னனாகுது, அலாரம் பிந்தி அடிக்குது எண்டால் சரியான வழி. நாலு கிழமையில ஒரு மாற்றமும் இல்லையெண்டால் கழட்டி வைச்சிட்டு வைத்தியரைப் பாருங்கோ. தொடர்ந்து 14 இரவு காய்ஞ்சால் நிப்பாட்டலாம். நட்சத்திரம் ஒட்டிக் குடுக்கிறதெண்டால் காய்ஞ்ச இரவுக்கு வேண்டாம், எழும்பிப் போனதுக்குக் குடுங்கோ.

விடிய அந்தக் கவ்வியை நல்ல தண்ணியில கழுவித் துடைச்சு வையுங்கோ. சலத்தின்ர உப்பு பிடிச்சால் அடிக்காமல் விட்டிடலாம்.